மாவுக்கு 10 மூட்டையிலேயே நிக்குது, நெல்லுக்கு மேல்வரம்பு எங்கதான் இருக்கு?

வெட்டாறு_பாலு | நவம்பர் 9, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் முதல் போஸ்ட். ஊரு திருவாரூர் பக்கம், கரோனா டைம்ல சென்னைல வேலைய விட்டுட்டு வந்து அப்பாவோட 12 மா நிலத்த பாத்துக்கறேன். மா தெரியாதவங்களுக்கு: 3 மா ஒரு ஏக்கர், ஆக மொத்தம் 4 ஏக்கர்.

என் கேள்வி இதான். அப்பா 80-கள்ல சிஆர் ஆயிரத்தொம்பது ரகம் போட்டு மாவுக்கு 10 மூட்டை எடுத்திருக்காரு (60 கிலோ மூட்டை). பழைய நோட்டு இன்னும் பெட்டியில கிடக்கு, பென்சில்ல எழுதி வெச்சிருக்காரு, ஏர் மாட்டு கூலி முதக்கொண்டு. நான் போன வருஷம் எடுத்தது மாவுக்கு 10 மூட்டை. அதுக்கு முந்தின வருஷம் ஒம்போதே முக்கால். நாப்பது வருஷம், டிராக்டர் வந்தாச்சு, அறுவடை மிஷின் வந்தாச்சு, புது மருந்து வந்தாச்சு, நெல்லு மட்டும் அங்கயே குந்திகிட்டு இருக்கு.

உரம் அப்பா போட்டத விட ரெண்டு மடங்கு போடறேன். ஏக்கருக்கு யூரியா 4 மூட்டை, டிஏபி 2 மூட்டை. பொட்டாஷ் விலை ஏறினதுலேர்ந்து விட்டாச்சு. இந்த வருஷம் சிஆர் 1009 சப் 1, ஆகஸ்ட் 20 நாத்து விட்டேன், ஆள் கிடைக்காம அக்டோபர் 8 தான் நடவு முடிஞ்சுது. பயிர் பாக்க பச்சையாத்தான் நிக்குது, ஆனா நடுநடுவுல தண்ணி பளபளன்னு தெரியுது, அது என்னமோ உறுத்துது.

இன்னொரு மூட்டை யூரியா வெச்சா ஏறுமா, இல்ல நெல்லுக்கே இதான் லிமிட்டா?

கொல்லைக்காட்டான் | நவம்பர் 9, இரவு 11:15

வெய்ங்க வெய்ங்க, புகையான் பூச்சிக்கும் பசிக்கும்ல. நாலு மூட்டை யூரியாவே ஜாஸ்தி அண்ணே. மார்கழில காத்தடிச்சா பாய் விரிச்ச மாதிரி படுத்துக்கும்.

மண்வாசம் | நவம்பர் 10, காலை 6:05

பிரச்சனையே உப்பு உரம்தான் நண்பரே. மண்ணு செத்துப்போச்சு. மண்புழு இருக்கான்னு ஒரு பிடி அள்ளிப் பாருங்க, இருக்காது. எல்லா ரசாயனத்தையும் ஒரே வருஷத்துல நிறுத்துங்க, கோடையில தக்கைப்பூண்டு விதைச்சு பூக்கற நேரத்துல மடக்கி உழுங்க, மாட்டுச்சாணம் போடுங்க, மூணாவது வருஷம் வந்து எனக்கு நன்றி சொல்லுவீங்க. மாப்பிள்ளை சம்பா, கிச்சிலி சம்பா போட்ட காலத்துல எவனும் யூரியா கடை வாசல்ல ஆதார் கார்டோட நிக்கல.

ரூபிஸ்கோ_ரசிகன் | நவம்பர் 10, காலை 9:30

பாலு அண்ணா, நான் பயிர் வினையியல்ல ஆராய்ச்சி மாணவன். உங்க கணக்க முதல்ல போட்டுப் பாப்போம்.

யூரியா மூட்டை இப்ப 45 கிலோ, அதுல 46 சதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். 4 மூட்டைன்னா 83 கிலோ. டிஏபி 100 கிலோல இன்னொரு 18. ஆக ஏக்கருக்கு 101 கிலோ தழைச்சத்து. வேளாண் பல்கலைக்கழகம் காவிரி டெல்டாவுக்கு சொல்றது ஹெக்டேருக்கு 150, அதாவது ஏக்கருக்கு 60. மணிச்சத்து (பாஸ்பரஸ்) 20 கிலோ போதும்ங்கற இடத்துல நீங்க 46 போடறீங்க. சாம்பல்சத்து (பொட்டாஷ்) 20 வேணும்ங்கற இடத்துல சைபர்.

இப்ப பயிர் எடுத்துக்கறத பாருங்க. ஒரு டன் நெல்லு விளைய பயிர் தோராயமா 15லேர்ந்து 20 கிலோ தழைச்சத்து எடுக்கும். உங்க விளைச்சல் ஏக்கருக்கு 30 மூட்டை, 1800 கிலோ. அதுக்கு 36 கிலோவே தாராளம், அதுலயும் ஒரு பங்கு மண்ணே குடுத்திருக்கும். நீங்க கொட்டினது 101. மிச்சம் எங்க போச்சுன்னா, காத்துல அமோனியாவா, தண்ணியோட வடிகால்ல, மண்ணுக்குள்ள நுண்ணுயிர் வேலையில வெறும் நைட்ரஜன் வாயுவா. அப்படின்னா தழைச்சத்து உங்க வயல்ல பத்தாக்குறை இல்ல. பத்தாம இருக்கறது வேற எதோ ஒண்ணு, அது பத்தாம இருக்கற வரைக்கும் நீங்க யூரியா எத்தன மூட்டை வெச்சாலும் அது வாய்க்காலுக்குத்தான்.

லீபிக்னு ஒரு ஜெர்மன் கெமிஸ்ட், 1840-கள்ல இத பிரபலமாக்கினாரு (அவருக்கு முன்னாடியே ஸ்ப்ரெங்கல் சொல்லிட்டாரு, பேரு மட்டும் லீபிக்குக்கு போயிருச்சு, அந்தக் கதை தனி). மரப்பீப்பாய் படம் பாத்திருப்பீங்க, எந்தப் பலகை ரொம்ப குட்டையோ அந்த உயரத்துக்குத்தான் தண்ணி நிக்கும், மத்த பலகைய எவ்ளோ உசத்தினாலும் பிரயோஜனம் இல்ல. உங்க குட்டைப் பலகை எதுன்னு கண்டுபிடிக்கறதுதான் வேலை. எனக்கு முதல் சந்தேகம் துத்தநாகம். நட்டு ரெண்டு மூணு வாரத்துல இலையில துருப்பிடிச்ச மாதிரி பழுப்பு புள்ளி வந்துச்சா? டிஏபி அளவுக்கு மீறி போட்டா துத்தநாகம் பயிருக்கு கிடைக்கறது இன்னும் குறையும்.

மண்வாசம் அவர்களுக்கு: தக்கைப்பூண்டு விஷயத்துல உங்க பக்கம்தான் நான். சாணம் கணக்கு மட்டும் இடிக்குது. தொழு உரத்துல தழைச்சத்து அரை சதவீதம், ஒரு டன்னுக்கு 5 கிலோ. 60 கிலோவுக்கு ஏக்கருக்கு 12 டன் வேணும். அவருக்கு 4 ஏக்கர். அவ்ளோ மாடு இப்ப அவர் தெருவுலயே இருக்காது.

மண்வாசம் | நவம்பர் 10, காலை 9:52

எல்லாத்தையும் கிலோவுல அளக்கறதுதான் உங்க படிப்போட கோளாறு.

பரந்தன்_ராசா | நவம்பர் 10, மதியம் 1:20

அண்ணை, நான் கிளிநொச்சிப் பக்கம். பசளையை, அதுதான் உரத்தை, ஒரே அடியா நிப்பாட்டச் சொல்றவைக்கு ஒரு கதை சொல்லுறன். 2021 மே மாசம் எங்கட அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது, நாடு முழுக்க ஒரே நாளில இயற்கை. அந்தக் காலபோகத்துக்கு (மாரிப் பயிருக்கு) யூரியா இல்லை, தாறன் எண்ட சேதனப் (இயற்கைப்) பசளையும் நேரத்துக்கு வரேல்லை. நவம்பரில தடையை எடுத்தவை, ஆனா அப்ப விதைச்சு முடிஞ்சுது. பயிர் எலுமிச்சை நிறத்தில நிண்டது, மட்டம் வெடிச்சுப் பக்கக் கன்று வரேல்லை, கதிர் விரல் நீளம். இரணைமடுக் குளத்தில தண்ணி இருந்தது, வெயில் இருந்தது, விதை அதே விதைதான். ஒண்டை மட்டும் எடுத்துப்போட்டு என்ன நடக்கும் எண்டு நாடு முழுக்கப் பரிசோதிச்சுக் காட்டினவை. பிறகு அரிசியை வெளிநாட்டில இருந்து இறக்கின கதை உங்களுக்கும் தெரியும்.

மண் செத்தது எண்டுறதை நான் மறுக்கேல்லை. மெல்ல மெல்ல மாறவேணும் எண்டுதான் சொல்லுறன், இடையில நாங்களும் சாப்பிடவேணுமெல்லோ.

வெட்டாறு_பாலு | நவம்பர் 10, இரவு 8:10

ரூபிஸ்கோ தம்பி, பழுப்பு புள்ளி வந்துச்சு, ஆமா. மூணாவது வாரம். உரக்கடையில காட்டினேன், குலைநோய்னு சொல்லி ஒரு மருந்து குடுத்தாரு, 900 ரூபா. அடிச்சேன். அப்புறம் தன்னால கொஞ்சம் தெளிஞ்சுது, மருந்துலதான்னு நெனச்சேன்.

ராசா அண்ணே, படிச்சிட்டு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு.

சும்மா_ஒருத்தன் | நவம்பர் 10, இரவு 9:00

இவ்ளோ பேசறீங்களே, பீகார்ல ஒரு விவசாயி 2011-ல ஹெக்டேருக்கு 22.4 டன் எடுத்து உலக சாதனை பண்ணாரே, அது யாருக்கும் தெரியாதா? நாளந்தா மாவட்டம், ஒற்றை நாற்று நடவு. ஏக்கருக்கு 150 மூட்டை வருது. நாம 30-ல நின்னுகிட்டு லிமிட்டு பத்தி பேசறோம். லிமிட்டெல்லாம் மனசுலதான் பாஸ்.

ரூபிஸ்கோ_ரசிகன் | நவம்பர் 11, காலை 7:45

நேத்து தூங்க விடல இந்த பின்னூட்டம். சரி, லிமிட்டு மனசுல இருக்கா வானத்துல இருக்கான்னு பாத்துருவோம். கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

நெல்லுங்கறது பதப்படுத்தின வெயில், அவ்ளோதான். மண்ணுலேர்ந்து வர்ற உப்பெல்லாம் எடையில சின்னப் பங்கு, மிச்சம் பூரா காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடும் தண்ணியும் வெயில்ல வெந்து ஆனது. நம்ம பக்கம் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 17 மெகாஜூல் வெயில்னு வெச்சுக்குங்க, மழை மேகம் எல்லாம் சேத்து சராசரியா ஒரு பேச்சுக்கு. பயிர் வயல மூடி நிக்கற 110 நாளுக்கு 1870 மெகாஜூல். ஒரு கிலோ காஞ்ச பயிர எரிச்சா சுமார் 17 மெகாஜூல் வரும். வெயில்ல வெறும் ஒரு சதம் பயிரா மாறினா சதுர மீட்டருக்கு 1.1 கிலோ. அதுல பாதி நெல்லு, பாதி வைக்கோல்னா 550 கிராம், ஹெக்டேருக்கு அஞ்சரை டன், ஏக்கருக்கு 37 மூட்டை. நல்லா பண்ற டெல்டா விவசாயி எடுக்கறது அதான். அதாவது நல்ல விவசாயியே ஒரு சதம் வெயிலத்தான் புடிக்கறாரு.

அப்ப மிச்ச 99? பாதி வெயில் இலைக்கு உபயோகமே இல்லாத கதிர், கண்ணுக்குத் தெரியாத சூடு. மிச்சத்துலயும் பச்சைய கொஞ்சம் திருப்பி அடிச்சிடும், கொஞ்சம் இலை சூடாகி வீணாகும், ராத்திரி பூரா பயிர் மூச்சு விடறதுல கொஞ்சம். எல்லாத்தையும் கழிச்சு, ஒரு குறையும் இல்லாத கற்பனைப் பயிருக்கு, நெல்லு மாதிரி சி3 வகையில உச்சபட்சம் 4.6 சதம்னு 2008-ல கணக்கு போட்டுருக்காங்க. மக்காச்சோளம், கரும்பு மாதிரி சி4 வகைக்கு 6 சதம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என் ஐடில இருக்கற ஆளுதான். ரூபிஸ்கோங்கற நொதி ரொம்ப மந்தம், ஒரு செகண்டுக்கு மூணு கார்பன் டை ஆக்சைடு புடிக்கறதே பெரிசு, அதுலயும் அப்பப்ப தப்பா ஆக்சிஜன புடிச்சிட்டு அத சரிபண்ண இருக்கற சக்திய செலவழிக்கும். வெக்கை ஏற ஏற இந்தத் தப்பு ஜாஸ்தியாகும். கரும்பும் சோளமும் அத ஒரு தனி அறையில உக்கார வெச்சு கார்பன் டை ஆக்சைடு மட்டும் ஊட்டி விடுது. நெல்லுக்கும் அப்படி ஒரு அறை கட்டலாம்னு ஃபிலிப்பைன்ஸ்ல இருக்கற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 2008 வாக்குல சி4 நெல் திட்டம் ஆரம்பிச்சு வருஷக்கணக்கா மல்லுக்கட்டறாங்க, வயலுக்கு வர்ற ரகம் இன்னும் பொறக்கல.

இப்ப பீகார். 22.4 டன் நெல்லுன்னா பாதிக்குப் பாதி கணக்குல பயிர் மொத்தம் 44.8 டன், சதுர மீட்டருக்கு நாலரை கிலோ, ஈரப்பதத்தக் கழிச்சுட்டுப் பாத்தாலும் வெயில்ல மூணரை சதம் புடிச்சிருக்கணும். மழைக்கால மேகத்துல, கற்பனைப் பயிரோட உச்சத்துல முக்கால்வாசி. சீனாவோட ஹைபிரிட் நெல் தந்தை யுவான் லோங்பிங்கே அத ஏத்துக்கல. அந்த விவசாயிய நான் பொய்யர்னு சொல்லல, நல்லா விளைஞ்சிருக்கும், அளந்ததுல எங்கயோ கோளாறுன்னுதான் நெனக்கறேன். சின்ன இடத்த அறுத்து ஹெக்டேருக்குப் பெருக்கினா வரப்பு ஓரத்து வெயில், காத்து எல்லாம் சேந்து பெருகிடும்.

ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ்லயும் எகிப்துலயும் ஹெக்டேருக்கு 9, 10 டன் சாதாரணமா எடுக்கறாங்க. அவங்க ஒண்ணும் நம்மள விட பெரிய சம்சாரி இல்ல. நீளமான கோடைப் பகல், மேகமே இல்லாத வானம், ராத்திரி குளுமை. நம்ம சம்பா கதிர் உருவாகறதே ஐப்பசி கார்த்திகை அடைமழையில. ஒரு கதிருக்கு எத்தன மணின்னு பயிர் முடிவு பண்ற அந்த முப்பது நாள்ல சூரியனக் காணோம். அதான் நல்லா பண்ணா ஜூன் வாக்குல ஆரம்பிக்கற குறுவை மகசூல் சம்பாவ மிஞ்சும், நாள் கம்மியா இருந்தும்.

குளுமையான ராத்திரிங்கறதும் சும்மா இல்ல. அதே ஃபிலிப்பைன்ஸ் நெல் நிலையத்துல 1992லேர்ந்து 2003 வரைக்கும் வயல்ல பதிவு பண்ணதுல, ராத்திரி குறைஞ்சபட்ச வெப்பம் ஒரு டிகிரி ஏறினா கோடை நெல் 10 சதம் இறங்குதுன்னு கண்டாங்க. பகல்ல சம்பாதிச்சத ராத்திரி புழுக்கத்துல மூச்சு விட்டே தீத்துரும்.

ரகத்துல என்ன பண்ண முடியுமோ அதுல பெரும்பங்கு 1966-லயே பண்ணிட்டாங்க. ஐஆர் 8. குட்டை நெல். அதுக்கு முன்னாடி நெட்டை ரகத்துல மொத்த எடையில 30 சதம்தான் நெல்லு, மிச்சம் வைக்கோல், யூரியா வெச்சா சாஞ்சிரும். குட்டை ஜீன் வந்ததும் பாதிக்குப் பாதி ஆச்சு. அதுக்கப்புறம் வந்த ரகங்கள்ல நாள் குறைஞ்சுது, பூச்சி நோய் தாங்கற சக்தி வந்துச்சு, அரிசி சன்னமாச்சு, உங்க சப் 1 மாதிரி ரெண்டு வாரம் தண்ணியில முழுகினாலும் பொழைக்கற குணம் வந்துச்சு, ஆனா வரம்பு மட்டும் பெருசா ஏறல. பாதிக்கு மேல நெல்லு வேணும்னா தாங்கற தண்டு எங்க, உணவு சமைக்கற இலை எங்க? அப்பாவோட 10 மூட்டையும் உங்க 10 மூட்டையும் ஒண்ணா இருக்கறதுல அதனால எனக்கு அதிர்ச்சியே இல்ல. ஆனா அந்த ஒரு சதம் வெயிலுக்கு வர்ற 37 கூட உங்களுக்கு வரல, 30தான். வானத்து லிமிட்டு வரைக்கும் நீங்க இன்னும் போகவே இல்ல. இந்த 7 மூட்டை உங்க வரப்புக்குள்ளயே எங்கயோ தொலஞ்சிருக்கு.

சும்மா_ஒருத்தன் | நவம்பர் 11, காலை 8:02

டீ ஆறிப்போச்சு தம்பி. ஒத்துக்கறேன்.

பாமணி_பெரியவர் | நவம்பர் 11, மாலை 5:30

தம்பி பாலு, நமக்கு மெகாஜூல் எல்லாம் தெரியாது. அந்தப் புள்ள நல்லா சொல்லுது. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சதுர மீட்டருக்கு எத்தன குத்து, அதான் ஒரே எடத்துல சேத்து ஊனற நாத்துக் கொத்து, நட்டிருக்காங்க? நடுவுல தண்ணி தெரியுதுன்னு முதல் பதிவுல நீயே எழுதியிருக்க, ஒருத்தரும் அத கவனிக்கல. நட்டு ஒரு மாசம் ஆன பயிர்ல தண்ணி தெரியலாமா? எலெக்ட்ரிக் பைப்ப ஒரு மீட்டருக்கு நாலா வெட்டி எல்போ போட்டு சட்டம் மாதிரி பண்ணிக்க, வயலுக்குள்ள எறங்கி கண்ண மூடிட்டு அஞ்சு எடத்துல வீசு, உள்ள எத்தன குத்துன்னு எண்ணு, ஒரு குத்துல எத்தன தூரு, அதான் கிளைச்சு வர்ற தண்டுன்னும் எண்ணு. எண்ணிட்டு வந்து சொல்லு. அதுவரைக்கும் உரக்கடைப் பக்கம் போகாத.

வெட்டாறு_பாலு | நவம்பர் 12, காலை 11:50

ஐயா எண்ணிட்டேன். சட்டை பூரா சேறு, பக்கத்து வயல்காரர் வரப்புல நின்னு "என்ன தம்பி எதும் தொலைச்சிட்டியா"ன்னு கேக்கறாரு.

அஞ்சு எடம்: 18, 21, 17, 19, 16. குத்துக்கு ஏழு எட்டு தூர். வாய்க்கா ஓரமா ஒரு மா மட்டும் அன்னைக்கு நடவு ஆள் பத்தாம அம்மாவும் தெருவுல நாலு பேரும் சேந்து நட்டது, அதுல வீசினேன், 31, 30, 33. அங்க தண்ணியே தெரியல, தூர் ஒம்போது.

மத்த 11 மாவும் காண்ட்ராக்ட் நடவு. ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசினது, வெளி மாநிலத்து ஆளுங்க, காலைல ஆறு மணிக்கு எறங்கினாங்க, மத்தியானம் சாப்பாட்டுக்குள்ள ரெண்டு ஏக்கர முடிச்சிட்டாங்க. நான் வேற வேகத்தப் பாத்துட்டு வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சேன்.

பாமணி_பெரியவர் | நவம்பர் 12, மதியம் 12:30

தெரியும். ஏக்கர் கணக்குல கூலி பேசினா கால் எட்டி வெக்கத்தான் செய்யும், அவங்கள சொல்லிக் குத்தமில்ல, எட்டி வெச்சாத்தான் அவங்களுக்கு நாலு காசு. நண்டோட நெல்லு, நரியோட கரும்பு, வண்டியோட வாழை, தேரோட தென்னைன்னு, நடுவுல எது ஓடற அளவு எடம் விடணும்னு சொல்லுவாங்க. ஒன் வயல்ல நரி ஓடுது தம்பி.

கொல்லைக்காட்டான் | நவம்பர் 12, மதியம் 12:41

நரி 😂😂 ஐயா செம

ரூபிஸ்கோ_ரசிகன் | நவம்பர் 12, மதியம் 1:15

ஐயா, கும்பிட்டுக்கறேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, துத்தநாகத்துக்குப் பின்னாடி ஓடிட்டேன்.

பாலு அண்ணா, மகசூல் நாலே நாலு எண்ணோட பெருக்கல்: சதுர மீட்டருக்கு எத்தன கதிர், கதிருக்கு எத்தன மணி, அதுல பதர் போக எவ்வளவு, ஒரு மணியோட எடை. உங்க ரகத்துக்கு ஆயிரம் மணி 23 கிராம் சுமாருக்கு வரும், அது விதையோட குணம், பெருசா மாறாது. 18 குத்துல ஏழரை தூரும் கதிராச்சுன்னே வெச்சாலும் 135 கதிர். அம்மா நட்ட மாவுல 31 பெருக்கல் 9, 279 கதிர். பாதிக்குப் பாதி! எட்ட நட்ட பயிர் இன்னும் கொஞ்சம் தூர் வெடிக்கும், கதிரும் பெருசா விடும், அதனால விளைச்சல் பாதியா எறங்கிடாது, ஆனா முழுசா ஈடு கட்டாது. வெயில் பக்கம் பாத்தாலும் அதே கதைதான். நீங்க பாத்த பளபளப்பு இலையில விழ வேண்டிய வெயில், தண்ணியில விழுந்து உங்க கண்ணுல அடிச்சிருக்கு.

செம்மை_வயல் | நவம்பர் 12, மாலை 4:00

ஒரு நிமிஷம். செம்மை நெல் சாகுபடில 25க்கு 25 சென்டிமீட்டர், சதுர மீட்டருக்கு 16 குத்துதான். அதுவும் ஒத்த நாத்து. நான் ஆறு வருஷமா பண்றேன், ஏக்கருக்கு 38க்கு கொறஞ்சதில்ல. அப்ப எட்ட நட்டது தப்புன்னு எப்படி சொல்றீங்க?

பாமணி_பெரியவர் | நவம்பர் 12, மாலை 5:10

நீங்க எத்தன நாள் நாத்து நடறீங்க?

செம்மை_வயல் | நவம்பர் 12, மாலை 5:14

14 நாள். ஓஹோ.

பாமணி_பெரியவர் | நவம்பர் 12, மாலை 5:40

அதான். பதினாலு நாள் நாத்து பச்சப்புள்ள, எங்க வெச்சாலும் வேர் புடிச்சு முப்பது நாப்பது தூர் வெடிக்கும், கோனோவீடர்னு களை எடுக்கற உருளைய ஓட்டினா இன்னும் குஷியாயிரும். இவரு நாத்து ஆகஸ்ட் 20 விட்டு அக்டோபர் 8 புடுங்கினது, 49 நாள். ரகத்தோட வயசுல மாசத்துக்கு ஒரு வாரம்னு கணக்கு, அஞ்சு மாச நெல்லுக்கு 35 நாள். 49 நாள்ல அது நாத்தங்கால்லயே கிழடு தட்டிப்போச்சு. கிழட்டு நாத்த நட்டா நெருக்கி நடணும், குத்துக்கு கூட ரெண்டு வெச்சு நடணும். கிழட்டு நாத்தையும் வெச்சு எட்டவும் நட்டா எந்தப் பக்கம் விளையும்?

வெட்டாறு_பாலு | நவம்பர் 12, இரவு 9:20

இப்ப எதாவது பண்ண முடியுமா?

பாமணி_பெரியவர் | நவம்பர் 13, காலை 6:00

நடவு சரி பண்ண முடியாது. யூரியா கூட வெக்காத. பொட்டாஷ் ஒரு 20 கிலோ மட்டும் தண்டு உருளற நேரத்துல போடு, மணி நல்லா புடிக்கும், சாயாம நிக்கும்.

ரூபிஸ்கோ_ரசிகன் | நவம்பர் 13, காலை 8:30

துத்தநாகமும் அடுத்த நடவுக்கு மறக்காதீங்க, ஏக்கருக்கு ஜிங்க் சல்பேட் 10 கிலோ, மணல்ல கலந்து கடைசி உழவு முடிச்சு பரம்படிச்சதும் தூவுங்க. டிஏபியோட சேத்து மட்டும் போட்டுறாதீங்க.

களத்துமேடு | நவம்பர் 13, இரவு 10:30

லேட்டா வந்தேன், என் பங்குக்கு ஒண்ணு. எல்லாரும் பயிரோட லிமிட்ட பேசறீங்க, என் வயல்ல லிமிட்டு என் பாக்கெட்டு. சன்ன ரகம் ஆந்திரா பொன்னி போடறேன், மணி சிறுசு, மாவுக்கு 8 மூட்டை தாண்டாது, சிஆர் போட்டா 11 வரும்னு எனக்கும் தெரியும். ஆனா வியாபாரி வீட்டு வாசல்ல வந்து எடுத்துட்டுப் போறான். மோட்டா ரகத்த கொள்முதல் நிலையத்துக்கு கொண்டுபோனா ஈரம் 17 சதத்துக்கு மேலன்னு திருப்பி, நான் ரோட்டுல கொட்டிக் காயவெச்சு ராத்திரி பூரா தார்ப்பாய் போத்திக் காவல் காத்து, மழை வந்தா மொளச்சு... 2021 ஜனவரில பொங்கலுக்கு முன்னாடி விடாம பேஞ்சுதே, ஞாபகம் இருக்கா, கதிரோட சாஞ்சு வயல்லயே மொளச்சுது. அன்னைக்கு ஏக்கருக்கு 40 மூட்டை விளைஞ்சவனும் 25 விளைஞ்சவனும் ஒரே வரப்புல உக்காந்து அழுதோம். மகசூல் கூட்ட செலவு பண்றவன் அது கைக்கு வரும்னு நம்பிக்கை இருந்தாத்தான் பண்ணுவான்.

பரந்தன்_ராசா | நவம்பர் 14, காலை 7:00

இது எங்களுக்கும் அப்பிடியே பொருந்தும் அண்ணை. அறுவடை நேரம் வந்தா விலை விழும், மூண்டு மாசம் கழிச்சு அதே நெல்லுக்கு ஏறும், ஆனா அப்ப நெல் எங்கட கையில இராது.

வெட்டாறு_பாலு | பிப்ரவரி 11, இரவு 9:45

இழைய மேல கொண்டு வர்றதுக்கு மன்னிக்கவும், அறுவடை முடிஞ்சுது, அதான் சொல்ல வந்தேன். அம்மா நட்ட மாவ மட்டும் தனியா அறுத்து தனியா கொட்டச் சொன்னேன், மிஷின்காரர் மணிக்கணக்கு வாடகை ஏறுதேன்னு நான் கவலப்படணும், அவரு என்னைய திட்டறாரு. எடை மெஷின் வெச்சே போட்டோம். காண்ட்ராக்ட் நடவு 11 மாவுல சராசரி ஒம்போதே கால் மூட்டை. அம்மா மா 12 மூட்டையும் ஒரு 20 கிலோவும். யூரியா இந்தத் தடவை ஏக்கருக்கு ரெண்டரை மூட்டைதான் வெச்சேன், எல்லா மாவுக்கும் அதே அளவு. புகையான் வரல.

அம்மாகிட்ட சொன்னேன். "நாங்க நட்டது நடவு"ன்னு சொல்லிட்டு அடுப்பு வேலைய பாக்க போயிருச்சு.

கொல்லைக்காட்டான் | பிப்ரவரி 11, இரவு 10:05

அந்த மா வாய்க்கா ஓரம்தானே, வாய்மடை. வண்டல் தண்ணி முதல்ல அங்கதான் பாயும். மூணு மூட்டையும் நடவாலன்னு சொல்லிட முடியுமா?

வெட்டாறு_பாலு | பிப்ரவரி 11, இரவு 10:20

சொல்ல முடியாதுதான். போன வருஷம் அந்த மாவ தனியா எடை போடலயே.

ரூபிஸ்கோ_ரசிகன் | பிப்ரவரி 12, காலை 9:00

நல்ல கேள்வி. குறுவைக்கு, தண்ணி கடைசியா பாயற கடைமடை மா ஒண்ண நெருக்கி நட்டு, வாய்மடை மாவுல பாதிய எட்ட நட்டுப் பாருங்களேன், தெரிஞ்சிரும்.

வெட்டாறு_பாலு | பிப்ரவரி 12, காலை 9:40

வாய்மடையில எட்ட நடறதுக்கு அம்மா விடாது, கடைமடைய வேணா பாக்கறேன். மேட்டூர் ஜூன் 12 தெறந்தா குறுவை, இல்லன்னா போர் தண்ணி இருக்கற 6 மாவுல மட்டும். நடவு மேஸ்திரிகிட்ட இப்பவே பேசிட்டேன், ஏக்கருக்கு 500 ரூபா கூட தர்றேன், கயிறு கட்டி நடணும், குறுவைக்கு சதுர மீட்டருக்கு 50 குத்து, நான் பைப்பு சட்டத்தோட வரப்புல நிப்பேன்னு. "சட்டம்னா என்ன சார், போலீஸ்காரங்களா"ன்னு கேட்டாரு. காட்டினேன். ஒருதடவ தூக்கிப் பாத்துட்டு, 700ன்னா நடலாம்னு சொல்லியிருக்காரு.